ஆளா, கருவியா? ஆங்கிலத்தில் ‘எர்’ விகுதி செய்கிற வேலை

கேள்வி கேட்டவர் எழுதியிருந்ததைச் சுருக்கினால் இதுதான். டீச் என்றால் கற்பி, டீச்சர் என்றால் கற்பிப்பவர். டிரைவ் என்றால் ஓட்டு, டிரைவர் என்றால் ஓட்டுபவர். அப்படியானால் குக் என்றால் சமை, குக்கர் என்றால் சமைப்பவர் என்றல்லவா இருக்க வேண்டும்? சமைப்பவரை வெறும் குக் என்று விட்டுவிட்டுப் பாத்திரத்துக்குப் போய் ஏன் குக்கர் என்று பெயர் வைத்தார்கள்? கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: ஸ்பெல்லிங்கில் எங்கே இ-ஆர், எங்கே ஓ-ஆர்? எம்ப்ளாயர், எம்ப்ளாயீ மாதிரி எல்லா வினையோடும் ‘ஈ’ சேர்த்து எதிர்ப்பக்கத்து ஆளைக் குறிக்கலாமா?

குக்கர் ஒரு உதாரணம்தான். உள்ளே இருக்கிற கேள்வி, இந்த ‘எர்’ ஆளைக் குறிக்கிறதா பொருளைக் குறிக்கிறதா, அதை எது தீர்மானிக்கிறது என்பது. பல வருடங்களாக ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுப்பதும் மொழிபெயர்ப்புகளைத் திருத்துவதுமாக இருக்கிறவன் நான். இதில் மாணவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு வரி: “எர் சேர்த்தால் செய்பவர்.” அது பாதி சரி. வினைக்கு எழுவாயாக எது நிற்க முடியுமோ அதை எர் குறிக்கும் என்று சொன்னால் முக்கால்வாசிக்கு மேல் சரியாகிவிடும். எழுவாயாக நிற்பது ஆளா, இயந்திரமா, பறவையா, புத்தகமா என்பதைப் பற்றி விகுதிக்குக் கவலையே இல்லை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதிய சமாச்சாரமும் இல்லை. விறகுவெட்டி ஓர் ஆள். மண்வெட்டி ஒரு கருவி. இரண்டிலும் அதே வெட்டு, அதே ‘இ’ விகுதி. படகோட்டி ஆள், ஒலிபெருக்கி கருவி, மரங்கொத்தி பறவை, பூச்சிக்கொல்லி மருந்து. வழிகாட்டி என்றால் கூட வருகிற ஆளாகவும் இருக்கலாம், கையில் வைத்திருக்கிற புத்தகமாகவும் இருக்கலாம். யாரும் குழம்பி நின்றதில்லை. எர் விகுதியை நாம் ‘பவர்’ என்று மனதில் மொழிபெயர்த்துக்கொள்வதுதான் தொல்லை. ‘பவர்’ உயர்திணைக்கு மட்டும் வருவது. எர் அப்படியில்லை, அது நம் ‘இ’யின் ஜாதி. கருவியையும் கருத்தாவையும் ஒரே உருபில் வைக்கிற பழக்கம் தமிழிலேயே இன்னோர் இடத்திலும் உண்டு. மூன்றாம் வேற்றுமையைப் பள்ளியில் படித்தது ஞாபகம் இருக்கும்: வாளால் வெட்டினான், தச்சனால் செய்யப்பட்டது. முதலாவது ‘ஆல்’ கருவி, இரண்டாவது ‘ஆல்’ கருத்தா.

சரி, எழுவாயாக நிற்க முடியுமா என்ற சோதனையை ஓரிரு வினைகளில் வைத்துப் பார்க்கலாம். ஓப்பன் என்ற வினையில் “அவன் கதவைத் திறந்தான்” என்றும் சொல்லலாம், “சாவி கதவைத் திறந்தது” என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் இரண்டும் இயல்பான வாக்கியங்கள். ஆகவே ஓப்பனர் ஆளாகவும் வரும், கருவியாகவும் வரும். கிரிக்கெட்டில் முதலில் இறங்குகிறவர் ஓப்பனர், டின்னைத் திறக்கிற கருவியும் ஓப்பனர். இப்போது ஈட். “அவன் ஸ்பூனால் சாப்பிட்டான்” சரி. “ஸ்பூன் சாப்பிட்டது” என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். அதனால் ஸ்பூன் சாப்பிடுவதற்கான கருவியாகவே இருந்தாலும் அதை ஈட்டர் என்று அழைக்க முடியாது. ஈட்டர் என்றால் சாப்பிடுகிற ஆளோ விலங்கோதான். ‘செய்பவர் அல்லது கருவி’ என்று மட்டும் விதி எழுதியிருந்தால் இந்த வித்தியாசம் பிடிபட்டிருக்காது. இதை விரிவாக எழுதி நிலைநிறுத்தியவர்கள் பெத் லெவின், மால்கா ரப்பபோர்ட் ஹோவவ் என்ற மொழியியலாளர்கள். 1992இல் வந்த அவர்களது ஆய்வை இன்றும் இந்த விஷயத்தில் எல்லோரும் தொட்டுச் செல்கிறார்கள்.

இந்தச் சோதனையின் அழகு, ‘செய்பவர்’ விதியால் விளக்கவே முடியாத சொற்களும் இதில் அடங்குவது. பெஸ்ட்செல்லர் என்றால் விற்கிறவர் அல்ல, விற்கப்படுகிற புத்தகம். செயப்படுபொருளுக்குப் போய் எர் எப்படி வந்தது? ஆங்கிலத்தில் “அந்தப் புத்தகம் நன்றாக விற்கிறது” என்று புத்தகத்தையே எழுவாயாக்கிச் சொல்வார்கள். நாமும் “இந்த மாடல் நல்லா விக்குது” என்று பேச்சில் சொல்கிறோமே, அதேதான். எழுவாய் இடத்துக்கு வந்துவிட்டால் எர் கிடைத்துவிடும். பிராய்லர் கோழியும் இப்படித்தான்: பிராய்ல் என்றால் நெருப்பில் வாட்டுவது, வாட்டுவதற்கு ஏற்ற இளங்கோழி பிராய்லர். வாட்டுகிற அடுப்புக்கும் அமெரிக்காவில் அதே பெயர், அதுவும் விதிப்படி சரி. ஆனால் எல்லாமே இந்த வலையில் விழும் என்று நான் சொல்ல மாட்டேன். போஸ்டர் என்றால் ஒட்டப்படுகிற தாள். தாள் எதையும் ஒட்டுவதில்லை, “இந்தத் தாள் நன்றாக ஒட்டுகிறது” என்ற பொருளில் அந்த வினையை யாரும் பயன்படுத்துவதுமில்லை. ஸ்லீப்பர் என்றால் தூங்குகிறவர், ரயிலில் தூங்குகிற பெட்டி, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டை எல்லாமே. டைனர் சாப்பிடுகிறவரும் உணவு விடுதியும். இந்த மாதிரிச் சொற்களைத் தனித்தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி குக்கர். “இந்த அடுப்பு சீராகச் சமைக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லலாம், ஆகவே கருவி குக்கர் ஆவதில் தடையே இல்லை. ஆள் ஏன் குக்கர் ஆகவில்லை என்பதுதான் மிச்சம். காரணம் ரொம்ப எளிது: அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். குக் என்ற பெயர்ச்சொல், சமைப்பவர் என்ற பொருளில், பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது, லத்தீனிலிருந்து வந்தது. வினைதான் பின்னால் வந்தது, அந்தப் பெயர்ச்சொல்லிலிருந்தே. அதாவது நாம் நினைப்பதுபோல வினையை எடுத்து அப்படியே ஆளுக்கு வைக்கவில்லை, ஆளின் பெயரை எடுத்து வினையாக்கினார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டில் சமையல் சாதனங்கள் பெருகியபோது குக்கர் என்ற சொல் காலியாகக் கிடந்தது. சாதனம் அதை எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் இன்றும் வெறும் குக்கர் என்றால் அடுப்புதான், நாம் சொல்கிற பாத்திரத்துக்கு முழுப்பெயர் பிரஷர் குக்கர். அந்தப் பாத்திரத்தின் மூதாதையை 1679இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் செய்து காட்டியபோது அதற்கு வைத்த பெயர் டைஜஸ்டர். எலும்பைக்கூட மெத்தென்று ஆக்கிவிடும் என்பதால் அந்தப் பெயர். அதுவும் ஓர் எர் சொல்தான்.

ஏற்கெனவே உள்ள சொல் புதிய சொல்லை வரவிடாமல் தடுப்பதை மொழியியலில் பிளாக்கிங் என்பார்கள். திருடு என்பதற்கு ஸ்டீல் என்ற வினை இருக்கிறது, ஆனால் திருடன் ஸ்டீலர் ஆகவில்லை, தீஃப் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. உளவு பார்க்கிறவர் ஸ்பை, தீர்ப்புச் சொல்கிறவர் ஜட்ஜ், வழிகாட்டுகிறவர் கைட். எவருக்கும் எர் தேவைப்படவில்லை. டைப் அடிக்கிறவர் டைப்பிஸ்ட், டைப்பர் இல்லை. பிளாக்கிங் இரும்புக் கதவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாடகத்தில் சின்ன வேடத்தில் வந்து எல்லோர் கண்ணையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறவரை ஸீன்-ஸ்டீலர் என்கிறார்கள். பொருள் சற்று விலகியதும் ஸ்டீலர் வந்துவிட்டது. ஏனென்றால் அவர் தீஃப் இல்லை.

ஆளிலிருந்து இயந்திரத்துக்குச் சொல் கைமாறுவது இந்த விகுதியில் அடிக்கடி நடக்கிறது. கம்ப்யூட்டர் என்றால் 17ஆம் நூற்றாண்டிலிருந்து கணக்குப் போடுகிற ஆள். வானியல் ஆய்வகங்களில் கம்ப்யூட்டர் என்பது ஒரு உத்தியோகம். அமெரிக்காவின் லேங்லி ஆய்வு மையத்தில் 1953இல் சேர்ந்த கேத்தரின் ஜான்சன், பின்னாளில் விண்வெளிப் பயணங்களுக்குக் கணக்குப் போட்டவர், அங்கே சேர்ந்தபோது அவருடைய வேலையின் பெயரே கம்ப்யூட்டர்தான். டைப்ரைட்டர் என்ற சொல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயந்திரத்துக்கும் அதில் தட்டச்சு செய்கிற பெண்ணுக்கும் சேர்த்தே வழங்கியது. பிரிண்டர் அச்சிடுகிறவராக இருந்து மேஜைமேல் உட்கார்ந்த பெட்டியாகிவிட்டது. டிஷ்வாஷர் இன்னும் இரண்டு பக்கமும் நிற்கிறது. செர்வர் என்றால் பரிமாறுகிறவரா, தரவு அனுப்புகிற கணினியா என்பது எந்த வாக்கியத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது. விகுதியின் பொருள் இதில் எங்கும் மாறவில்லை. வேலையை எழுவாயாக நின்று செய்கிறவர் மாறிவிட்டார், அவ்வளவுதான்.

இன்னொரு நுணுக்கம், மொழிபெயர்க்கிறவர்களுக்கு முக்கியமானது. தமிழில் எழுதுபவர் வேறு, எழுத்தாளர் வேறு. இந்த நிமிடம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிற யாரும் எழுதுபவர். எழுத்தாளர் என்றால் அது தொழில், அல்லது அடையாளம். ஆங்கிலம் இரண்டுக்கும் ரைட்டர் என்ற ஒன்றையே வைத்திருக்கிறது. ஆனால் வேறுபாட்டைக் காட்ட அதற்கு வழியில்லாமலும் இல்லை. லைஃப்-ஸேவர் என்று கூட்டுச்சொல்லாகச் சொன்னால் உயிர்காக்கும் வேலையில் இருப்பவர். இதுவரை ஒருவரையும் காப்பாற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை, நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். பொருளாகவும் இருக்கலாம், மிதவை மாதிரி. அதையே ஸேவர் ஆஃப் லைவ்ஸ் என்று உடைத்துச் சொன்னால், காப்பாற்றியே இருக்க வேண்டும், அதுவும் ஆளாகத்தான் இருக்கும். செயப்படுபொருளை ‘ஆஃப்’ போட்டுப் பின்னால் வைத்தால் வினை உயிரோடு நடந்திருக்கிறது. முன்னால் ஒட்டவைத்தால் அது வெறும் பெயர்ப்பலகை. மொழிபெயர்ப்பில் ‘ஆஃப்’ வருவதை ‘காப்பாற்றியவர்’ என்றும் கூட்டுச்சொல்லை ‘காவலர்’ என்பதுபோல ஒரு பெயராகவும் பிரிக்கத் தெரிந்துகொண்டால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

அடைமொழி சேரும்போதும் உள்ளே இருக்கிற வினை எட்டிப்பார்க்கும். ஹெவி ஸ்மோக்கர் என்றால் குண்டான ஆசாமி இல்லை, நிறைய புகைக்கிறவர். ஒல்லியாக இருந்துகொண்டே ஹெவி ஸ்மோக்கராக இருக்கலாம். ஹார்ட் வொர்க்கர் கடினமான மனிதர் இல்லை. எர்லி ரைஸரில் ‘எர்லி’ அவர் எழுகிற நேரத்துக்கு. பியூட்டிஃபுல் டான்ஸர் என்று சொன்னால் ஆடுகிறவர் அழகா, ஆட்டம் அழகா என்று இரண்டு பொருள் வரும்; இரண்டுமே சரி. டான்ஸர் என்ற சொல்லுக்குள் டான்ஸ் என்ற வினை இன்னும் கரையாமல் இருப்பதால், அடைமொழி அதைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. இந்த இரட்டைப் பொருளைத் தமிழில் ஒரே தொடரில் கொண்டுவர முயன்று மல்லுக்கட்டாதீர்கள், எதைச் சொல்கிறார் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வினையைப் பற்றியே பேசினேன். பெயர்ச்சொல்லோடும் எர் சேரும், அங்கே எழுவாய்ச் சோதனை வேலைக்கு ஆகாது. லண்டனர் லண்டன்காரர், வில்லேஜர் கிராமத்துக்காரர், டீனேஜர் பதின்ம வயதுக்காரர். டபுள்-டெக்கர் இரண்டு தளம் கொண்ட பேருந்து, டூ-வீலர் இரண்டு சக்கரம் கொண்ட வண்டி, ஃபைவர் ஐந்து பவுண்டு நோட்டு. இதற்கெல்லாம் நம் ‘காரர்’ நெருங்கி வரும்: ஏதோ ஒன்றோடு சம்பந்தப்பட்டவர் அல்லது சம்பந்தப்பட்டது. வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பெயர்ச்சொல் வகைதான் மூத்தது. பழைய ஆங்கிலத்தில் புத்தகத்தோடு சம்பந்தப்பட்டவர், அதாவது ஏடு எழுதுகிறவர், போச்செரே என்று அழைக்கப்பட்டார். புக் என்ற சொல்லோடு விகுதி சேர்ந்தது அது. இந்த விகுதி ஜெர்மானிய மொழிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது என்பது உறுதி. அது லத்தீனின் ‘ஆரியுஸ்’ விகுதியிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே கடனாக வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. கல்வெட்டில் பார்த்த மாதிரி அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எதிராக வலுவான வாதம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

பழைய ஆங்கிலத்தில் பெண்களுக்கென்று தனியாக ஓர் உறவுக்கார விகுதியும் இருந்தது, இன்றைய ‘ஸ்டர்’. ரொட்டி சுடுகிற ஆண் பேக்கர், பெண் பேக்ஸ்டர். நெய்கிறவள் வெப்ஸ்டர், நூற்கிறவள் ஸ்பின்ஸ்டர். முதலிரண்டும் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. ஸ்பின்ஸ்டர் மணமாகாத பெண் என்றாகி, இப்போது மரியாதைக் குறைவான சொல்லாகிவிட்டது. ஸ்டரின் பெண்பால் வாசனை போய், யங்ஸ்டர், கேங்ஸ்டர் என்று யாருக்கும் ஒட்டத் தொடங்கியது.

எர் என்று முடிகிற எல்லாமே இந்த விகுதி இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் யாராவது ஃபாதரைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஃபாதர், வாட்டர், ஃபிங்கர் எல்லாம் முழுச் சொற்கள். பிக்கர் (இன்னும் பெரிய), டாலர் (இன்னும் உயரமான) போன்ற ஒப்பீட்டு எர் வேறொரு வேரிலிருந்து வந்து, ஒலி தேய்ந்து, இதே மாதிரி ஆகிவிட்டது. டின்னர், சப்பர் இரண்டிலும் இருப்பது பிரெஞ்சு வினைச்சொல்லின் முடிவு. சட்டத் தமிழில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய கும்பல் ஒன்று அங்கிருந்துதான் வந்தது: வெய்வர், டிஸ்கிளெய்மர், மெர்ஜர். இவை செய்பவரைக் குறிக்கவில்லை, செயலையே குறிக்கின்றன. வெய்வர் என்றால் உரிமையை விட்டுக்கொடுத்தல், விட்டுக்கொடுப்பவர் அல்ல. இங்கிலாந்து நீதிமன்றங்களில் பிரெஞ்சு வழங்கிய காலத்து வினைப்பெயர்கள் அவை. தமிழில் ‘தல்’ போட்டுத்தான் எழுத வேண்டும்.

விகுதியா, சொல்லின் பாகமா என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஸிங்கர், ஃபிங்கர். நாம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், ஒரே மாதிரி சொல்கிறோம். பெரும்பாலான ஆங்கில வழக்குகளில் ஃபிங்கரில் க ஒலி உண்டு, ஸிங்கரில் கிடையாது. ஸிங் என்ற சொல் வெறும் மூக்கொலியில் முடிகிறது. அதோடு எர் சேர்ந்தாலும் அந்த எல்லை கலையாமல், ஏறத்தாழ ‘ஸிங்ஙர்’ என்று வருகிறது. நம் நெடுங்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ‘ங’ வரிசைக்கு ஒரு நல்ல உபயோகம். வேடிக்கை என்னவென்றால் லாங்கர், ஸ்ட்ராங்கர் என்ற ஒப்பீட்டுச் சொற்களில் க ஒலி திரும்ப வந்துவிடும். மான்செஸ்டர், பர்மிங்ஹாம் பக்கத்துக்காரர்கள் ஸிங்கரிலும் க சொல்வார்கள், ஆகவே நம் உச்சரிப்பைத் தவறு என்று யாராவது சிரித்தால் அவர்களைக் காட்டுங்கள்.

விகுதி எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு 1958இல் ஜீன் பெர்க்கோ செய்த சோதனை நல்ல சாட்சி. ‘ஸிப்’ என்று இல்லாத ஒரு வினையைச் சொல்லி, அதையே தொழிலாகச் செய்கிறவரை என்னவென்று அழைப்பாய் என்று கேட்டார். (பையில் தைக்கிற ஜிப்போடு இதற்குச் சம்பந்தமில்லை.) பெரியவர்கள் தயங்காமல் ஸிப்பர் என்றார்கள். நான்கிலிருந்து ஏழு வயதுக் குழந்தைகளில் மிகச் சிலரே எர் சேர்த்தார்கள். மற்றவர்களில் சிலர் ‘ஸிப்-மேன்’ என்று ஆளைப் பின்னால் ஒட்டினார்கள். பன்மைக்கு ‘ஸ்’ சேர்க்கத் தெரிந்த அதே குழந்தைகள். எர் சற்றுத் தாமதமாகத்தான் வசப்படுகிறது போலிருக்கிறது. வசப்பட்ட பிறகு கட்டுப்பாடு கிடையாது. பிளாகர், ஸ்ட்ரீமர் என்று வினை தோன்றிய கையோடு பெயரும் தோன்றிவிடுகிறது. பிக் அப் போன்ற இரட்டை வினைகளில் எர் எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் இரண்டிலும் ஒட்டி, பிக்கர்-அப்பர், ஃபிக்ஸர்-அப்பர் என்று பேச்சில் சொல்கிறார்கள். வழிப்போக்கரைக் குறிக்கிற பழைய பாஸர்-பை மட்டும் ஒழுங்காக முதல் சொல்லில் நிறுத்திக்கொண்டது. அதனால்தான் அதன் பன்மை பாஸர்ஸ்-பை.

சில சமயம் வண்டி பின்னோக்கியும் ஓடும். எடிட்டரிலிருந்துதான் எடிட் வந்தது, எடிட்டிலிருந்து எடிட்டர் அல்ல. வீடு புகுந்து திருடுகிற பர்க்ளர் முதலில், அதை வெட்டி எடுத்த பர்கிள் பிறகு. பேபிஸிட்டர் முதலில், பேபிஸிட் பிறகு. லேஸர் என்பது ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கம். அதன் வாலில் இருப்பது விகுதியே இல்லை. இயற்பியலாளர்கள் அதையும் கத்தரித்து லேஸ் என்று ஒரு வினையை உண்டாக்கிவிட்டார்கள். பெகர் முதலா, பெக் முதலா என்பது மட்டும் அகராதிக்காரர்களிடையே இன்னும் தீராத வழக்கு.

ஸ்பெல்லிங் கேள்விக்கு வருகிறேன். ஓ-ஆர் லத்தீனிலிருந்து நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ வந்த சொற்களின் அடையாளம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். வினை ‘ஏட்’ என்று முடிந்து ஒன்றுக்கு மேற்பட்ட அசை இருந்தால் கிட்டத்தட்ட எப்போதும் ஓ-ஆர்: கிரியேட்டர், ஆபரேட்டர், டிரான்ஸ்லேட்டர், கால்குலேட்டர். ஹேட்டர், ஸ்கேட்டர் போன்ற ஓரசைச் சொற்களுக்கு இ-ஆர். டிபேட்டர் விதிவிலக்கு, இ-ஆர். ‘சி-டி’ எழுத்துகளில் முடிந்தால் பெரும்பாலும் ஓ-ஆர்: ஆக்டர், டைரக்டர், இன்ஸ்பெக்டர், கண்டக்டர், கலெக்டர். எடிட்டர், ஆடிட்டர், விஸிட்டர் ஓ-ஆர், ஆனால் லிமிட்டர் இ-ஆர். ப்ரொஃபஸர் ஓ-ஆர், டிரஸ்ஸர் இ-ஆர். இதற்கு மேல் விதி தேடினால் விதியைவிட விலக்கு நீளமாகிவிடும். அட்வைஸர், அடாப்டர் இரண்டையும் இரு விதமாகவும் எழுதலாம். ஒரு கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும். பொருள் வேறுபடுகிற ஜோடி ஒன்று நினைவில் இருக்கட்டும்: மின்சுற்றில் இருக்கிற ரெஸிஸ்டருக்கு ஓ-ஆர், எதிர்த்து நிற்கிற மனிதருக்கு இ-ஆர். புதிதாக நீங்களே ஒரு சொல் உண்டாக்கினால் இ-ஆர் போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். லயர், பெகர் இரண்டும் ஏ-ஆர். அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

கடைசியாக ஈ. இதன் பிறப்பிடமும் அந்தப் பழைய சட்ட பிரெஞ்சுதான், செயப்பாட்டு எச்சத்தின் முடிவு. லெஸர் குத்தகைக்குக் கொடுப்பவர், லெஸீ பெற்றுக்கொள்பவர். ஆவணங்களைத் தமிழாக்குகிறவர்கள் மார்ட்கேஜரிலும் மார்ட்கேஜீயிலும் அடிக்கடி இடம் மாற்றிவிடுகிறார்கள். அடமானம் வைக்கிறவர், அதாவது கடன் வாங்குகிறவர், மார்ட்கேஜர். அடமானத்தைப் பெறுகிற வங்கி மார்ட்கேஜீ. கடன் கொடுப்பது வங்கி என்பதால் அதைச் செய்பவர் பக்கத்தில் வைக்கத் தோன்றும். கொடுக்கப்படுவது இங்கே பணமில்லை, அடமானம் என்று நினைத்துக்கொண்டால் சிக்கல் தீரும்.

எல்லா வினையோடும் ஈ சேராது. எர் மாதிரி இது பொருட்களை ஏற்காது, பெரும்பாலும் உணர்வுள்ள ஆள்தான் வேண்டும். கழுவப்பட்ட தட்டை யாரும் வாஷீ என்பதில்லை. ஆம்ப்யுட்டீ என்றால் வெட்டி நீக்கப்பட்ட கால் இல்லை, காலை இழந்த மனிதர். அட்ரஸீ என்றால் கடிதமில்லை, அதைப் பெறுகிறவர். செயப்படுபொருளாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்துவிட்டது. எஸ்கேப்பீ தப்பித்தவர், ரிட்டயரீ ஓய்வு பெற்றவர், அட்டெண்டீ கலந்துகொள்பவர், எல்லாமே எழுவாய்கள். முதலிரண்டுக்காவது, ஒன்று நடந்து முடிந்து அதன் விளைவைச் சுமக்கிற ஆள் என்று ஒரு நியாயம் சொல்லலாம். அட்டெண்டீக்கு அதுகூடப் பொருந்தவில்லை, பழைய அட்டெண்டர் என்ற சொல்லுக்கு வேறு பொருள்கள் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. பாதுகாப்பான வழி, அகராதியில் இருக்கிற ஈ சொற்களை மட்டும் எழுதுவது: ட்ரெய்னீ, பேயீ, நாமினீ, இன்டர்வியூயீ, மென்டீ. இதில் மென்டீயைச் சிலர் போலி என்று ஒதுக்குவார்கள், ஏனென்றால் மென்டர் என்பது கிரேக்கக் காவியமான ஒடிஸியில் வரும் ஒருவரின் பெயர், மென்ட் என்று வினையே கிடையாது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. எடிட்டரை வெட்டி எடிட் எடுத்த மொழிதானே.